அதுவும் சரிதான்

அவருடைய காகிதத்தில் இரண்டு பேட்டரிகளும் எப்போதும் நிறைந்தே இருந்தன. ஒன்று பிளஸ் பன்னிரண்டு வோல்ட், இன்னொன்று மைனஸ் பன்னிரண்டு. கூடவும் கூடாது, குறையவும் குறையாது. பாறைச் சரிவில், தகரக் கொட்டகைக்குள், சாரலில் நனைந்து கிடக்கிற பேட்டரி அப்படி இருக்காது என்பது அவருக்குத் தெரியாத விஷயமில்லை. எலக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்துகிறவர். ஆனால் காகிதம் அதைக் கேட்கவில்லை. கேட்காத எதையும் அவர் சொன்னதில்லை. கேட்டவர்களுக்கோ, அவர்கள் எதைக் கேட்க விரும்பினார்களோ அதைத் தவிர வேறு எதையும் சொன்னதில்லை.

எண்பதுகளின் பிற்பாதி அது. நான் ஒரு நாளிதழுக்குத் தென்காசி வட்டாரச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தேன். சீசன் தொடங்கிவிட்டதா, அருவியில் குளிக்க விடுகிறார்களா, செங்கோட்டைப் பக்கம் லாரி கவிழ்ந்ததா என்பதை எல்லாம் எழுதிக் கவரில் போட்டு, சாயங்காலம் நெல்லை பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவேன். சுவாமி சன்னதி பஜாரில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே கம்ப்யூட்டர் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனபோதுதான் அவரைப் பார்த்தேன். பகலில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் விரிவுரையாளர். மாலையில் அந்த அறை. செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போக வேண்டும். உள்ளே ஏ.சி. இயந்திரம் உறுமிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டர் மேல் பச்சை வெல்வெட் துணி போர்த்தியிருக்கும். அதை விலக்குவதற்கு முன் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொள்வார்.

பெங்களூரில் ஒரு கோடைப் பயிற்சிக்குப் போய்விட்டு வரும்போது, எலக்ட்ரானிக்ஸ் இணைப்புகளைச் செய்யாமலே சோதித்துப் பார்க்கும் ஒரு புரொகிராமைப் பிளாப்பியில் கொண்டுவந்திருந்தார். ஒரு கருவியின் உறுப்புகளை எண்களாக எழுதிக் கொடுத்தால், அது எப்படி நடந்துகொள்ளும் என்று அந்த இயந்திரம் கணக்குப் போட்டு, பிரின்டரில் நட்சத்திரக் குறிகளால் வரைந்து காட்டும். ஈயம் உருக்கிச் சால்டர் செய்ய வேண்டாம், பொருள் வாங்க வேண்டாம், எதுவும் புகையாது. எண்களால் ஆன அந்தச் சாயலை அவர் 'மாடல்' என்பார்.

முதல் நாள் அவர் காட்டிய மாடலிலேயே இரண்டு பேட்டரி இருந்தது, எதற்கு என்று கேட்டேன்.

"ஊஞ்சல சொவத்த ஒட்டிக் கட்டினா எப்படி ஆடும், தம்பி? ஒரு பக்கந்தான் போவும். அதனால நடுவுல கட்டுதோம். அந்த நடுதான் பூஜ்யம். இந்தப் பக்கம் ஆடுததுக்கு ஒரு பேட்டரி, அந்தப் பக்கம் ஆடுததுக்கு ஒரு பேட்டரி. இந்த ஐ.சி. சில்லு ரெண்டு பக்கமும் ஆடணும்."

இதைவிடத் தெளிவாக அந்த விஷயத்தை எனக்கு யாரும் பிறகு சொன்னதில்லை. அதை அப்படியே எழுதினேன். ஞாயிறு இணைப்பில் கால் பக்கம் வந்தது.

பேசும்போது எதிரே இருப்பவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். தலை இடமும் வலமுமாக மெதுவாக ஆடியபடி இருக்கும். நீங்கள் முடித்ததும், "அதுவும் சரிதான்" என்பார். அந்த 'உம்'மை நான் வெகுகாலம் கவனிக்கவில்லை. முகத்தில் ஒரு சந்தோஷம் இருக்கும், நீங்கள் சொன்ன பிறகுதான் அவருக்கே அது புரிந்ததுபோல. யாருக்குத்தான் பிடிக்காது. அவர் அறையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் எல்லாம் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தார்கள்.

பிரானூர் எல்லைக்கு அவரைப் பரோட்டா சாப்பிடக் கூட்டிப்போயிருக்கிறேன். பரிமாறுகிறவன் கேட்காமலே இலையில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றிக்கொண்டே இருப்பான். போதும் என்றால் இலைக்கு மேல் கையை நீட்ட வேண்டும். அவர் நீட்டியதில்லை. வியர்த்து, திணறி, சாப்பிட்டுக்கொண்டே இருப்பார். "கைய வைங்க அண்ணாச்சி" என்றேன். "ஆசையா போடுதான்லா, தம்பி" என்றார். திரும்பும் வழியில் இலஞ்சி விலக்கில் பஸ்ஸை நிறுத்தி இறங்கி வாந்தி எடுத்தார். அடுத்த வாரம் அதே கடையில் அதே ஆள், "சார், போன வாரம் நல்லாருந்துச்சா?" என்று கேட்டான். "பிரமாதம்" என்றார்.

அவர் குடியிருந்த வீட்டின் உரிமையாளர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர். வீட்டைப் பிரிக்கும்போது நடு முற்றத்து வேப்பமரம் யார் பங்கு என்று தகராறு வந்தது. மாடியில் இருந்து தினமும் பார்க்கிறவர் என்பதால் இருவரும் தனித்தனியே அவரிடம் கேட்டிருக்கிறார்கள். பேசித் தீர்க்க ஊர்ப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்த அன்று அண்ணன் சொன்னார்: "மரம் எம் பக்கந்தான். மாடி வாத்தியாரே சொல்லிட்டாரு." தம்பி சொன்னார்: "எங்கிட்டயும் அவருதான் சொன்னாரு, எம் பக்கம்னு." ஆளைக் கூப்பிடலாம் என்று பார்த்தால் ஆள் இல்லை. குற்றாலத்துக்குக் குளிக்கப் போயிருந்தார். எல்லாரும் கலைந்த பிறகு, ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு வீட்டுக்கும் தனித்தனிப் பையில் மங்குஸ்தான் பழத்தோடு வந்து சேர்ந்தார். அண்ணனும் சாப்பிட்டார், தம்பியும் சாப்பிட்டார். அவர்மேல் இருவருக்கும் வருத்தம் இல்லை. அவர்களுக்குள்தான் பேச்சு நின்றது. மரத்தை வெட்டிவிட்டு அந்த இடத்தில் சுவர் எழுப்பினார்கள். இதை அவர் மனைவி எனக்குச் சொன்னபோது நான் சிரித்தேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

"அவுக சரின்னு சொன்னா, காதுல விழுந்துட்டுன்னு அர்த்தம். செய்வாகன்னு நெனச்சிராதீக, தம்பி" என்றார்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்திருந்தபோது தினமும் மாலையில் வந்து உட்கார்ந்திருந்தவர் அவர்தான். கீழாநெல்லியைத் தேடிப் பறித்துக்கொண்டு வருவார். ஆஸ்பத்திரி டாக்டரிடம் உங்கள் மாத்திரைதான் கேட்கிறது என்பார், நாட்டு வைத்தியரிடம் உங்கள் மருந்துதான் கேட்கிறது என்பார். நான் இரண்டையும் சாப்பிட்டேன். குணமானேன். அப்போது அதைக் குறையாக நினைக்கத் தோன்றவில்லை.

என் தாய்மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் இது. மாமா மேலகரத்துக்காரர். பார்த்த வேலை எதிலும் நிலைத்ததில்லை. சின்னச் சின்னப் பொய் சொல்லுவார், வேலைக்குப் போகாததற்கு, பீடி பிடித்ததற்கு. அவருக்கு ஒரே கிறுக்கு வாரப் பத்திரிகைத் தொடர்கதை. மனதுக்குள் படிக்கத் தெரியாது. சத்தம் போட்டு, ஆணுக்கு ஆண் குரல், பெண்ணுக்குப் பெண் குரல் வைத்துப் படிப்பார். வேலையில்லாமல் இருந்தவரை ஐந்தருவிச் சாலைக்கு உள்ளே தள்ளி இருந்த ஒரு லாட்ஜில் காவலாளாகச் சேர்த்துவிட்டது நான்தான்.

அந்த லாட்ஜுக்குப் பின்னால், அதன் சொந்த நிலத்தில், ஓர் ஓடை பாறையிலிருந்து விழும். அருவி என்று சொல்ல முடியாது. ஆனாலும் கூட்டமில்லாமல் குளிக்கலாம் என்பதால் குடும்பத்தோடு வருகிறவர்கள் அங்கேதான் தங்குவார்கள். மலை மேல் மழை கொட்டினால், கீழே வெயில் அடிக்கும்போதே ஓடையில் தண்ணீர் திடுமென்று ஏறிவிடும். ஒரு சீசனில் அப்படி ஏறி, குளிக்கிற இடத்துப் படிக்கட்டைப் பெயர்த்துக்கொண்டு போனது. அப்போது ஆள் யாரும் இல்லை. லாட்ஜ் முதலாளி பயந்துவிட்டார். மேலே தண்ணீர் ஏறினால் கீழே சைரன் அடிக்கிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். நான் அண்ணாச்சியைத்தான் அழைத்துப் போனேன்.

"அதுக்கென்ன முதலாளி, செஞ்சிரலாம்" என்றார்.

கருவி எளிமையானது. ஓடையின் மேல்பகுதியில் ஒரு மிதவை. தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும், அதனோடு ஒரு மின்னழுத்தமும் ஏறும். ஓர் ஐ.சி. அதைக் குறித்து வைத்த அளவோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். அளவுக்குக் கீழே இருக்கும்வரை அதன் வெளிக்கால் மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும். தாண்டியதும் பிளஸ் பக்கம் பாயும், சைரன் அடிக்கும். மேலே கரண்ட் கிடையாது. அதனால் ஒரு தகரக் கொட்டகைக்குள் இரண்டு கார் பேட்டரி. வாரம் ஒருமுறை கீழே இறக்கிச் சார்ஜ் போட்டுத் திரும்ப ஏற்ற வேண்டும். எல்லாம் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அடையாளமாகப் பெட்டியின் முகப்பில் ஒரு பச்சை விளக்கு. அது எரிகிறதா என்று பார்ப்பதும், பேட்டரியை எவனும் தூக்கிப் போகாமல் பார்த்துக்கொள்வதும் மாமாவின் வேலை.

முதலாளியை ஜவுளிக்கடை மாடிக்கு வரவழைத்து மாடலை ஓட்டிக் காட்டினார். பிரின்டர் கரகரவென்று அடித்துக்கொண்டே போனது. நட்சத்திரங்கள் தாளின் இடது ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. ஓரிடத்தில் ஒரே தாவலாக வலது ஓரத்துக்குப் போயின.

"இந்த எடத்துல வெள்ளம் வந்துட்டு முதலாளி" என்று விரலை வைத்தார்.

முதலாளி அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, சட்டம் போட்டு, லாட்ஜ் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் மாட்டிவைத்தார். தங்க வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைக் கீழே வைத்தார்கள்.

நான் ஒரு கேள்வி கேட்டேன். பத்திரிகையில் எழுதுவதற்காகத்தான் கேட்டேன். "அண்ணாச்சி, ரெண்டு பேட்டரியில ஒண்ணு மட்டும் இறங்கிட்டா என்ன ஆகும்?"

தலை ஆடியது. "நல்ல கேள்வி தம்பி. அதையும் போட்டுப் பாத்தாச்சு. ஒண்ணும் ஆவாது."

போட்டுப் பார்க்கவில்லை. போட்டுப் பார்க்கவும் முடியாது. அவர் செய்திருந்த மாடலில் அந்த ஐ.சி. ஒரு வெறும் பெட்டி. உள்ளே போக இரண்டு கால், வெளியே வர ஒரு கால். அதற்குள் இருக்கிற டிரான்சிஸ்டர்களை எல்லாம் எழுத அந்தக் கம்ப்யூட்டரின் நினைவகம் போதவில்லை, அது நியாயம். ஆனால் பேட்டரியிலிருந்து மின்சாரம் வாங்கும் இரண்டு கால்களையும் அவர் சேர்த்து விட்டுவிட்டார். வெளியே வருவது பிளஸ் பன்னிரண்டைத் தாண்டாது, மைனஸ் பன்னிரண்டைத் தாண்டாது என்று இரண்டு எண்களை மட்டும் எழுதிவைத்தார். அந்தப் பெட்டி பேட்டரியில் நிற்கவே இல்லை. அதனால் பேட்டரி இறங்கினாலும் அதற்குத் தெரியாது. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது, அவரே சொல்லி.

'ஒரு பேட்டரி பழுதானாலும் கருவி இயங்கும்' என்று எழுதினேன். என் பெயரோடு வந்தது.

மாமாவுக்குக் கொட்டகையில் பொழுது போகவில்லை. ஒருநாள் என்னிடம் புலம்பினார். "ஏல மருமவனே, சாயங்காலம் ஆயிட்டுன்னா அங்கன என் கையே எனக்குத் தெரியல. கதையில அந்தப் பிள்ளைய எவன் கூட்டிட்டுப் போனான்னு தெரியாம மனுசன் எப்படிலே தூங்குதது?" நான் மண்ணெண்ணெய் விளக்கு வாங்கித் தருகிறேன் என்றேன். மலைக்காற்றில் நிற்காது என்றார். அடுத்த முறை போனபோது கொட்டகையில் ஒரு சின்ன பல்பு எரிந்தது. கார் முகப்பில் போடுகிற பல்பு.

"வாத்தியார்ட்ட கேட்டேன். அதுக்கென்னண்ணே, போட்டுருவோம்னு அங்கனயே ஒயர முறுக்கி மாட்டிட்டாரு. தங்கமான மனுசன்" என்றார் மாமா. பிறகு பத்திரிகையைப் பிரித்து, கதாநாயகியின் குரலில் ஒரு பக்கம் படித்துக் காட்டினார்.

அந்தச் சீசன் நன்றாக இருந்தது. மாதக் கடைசியில் மூன்று நாள் விடாமல் சாரல். பேட்டரி தூக்குகிறவர்கள் வழுக்கும் என்று அந்த வாரம் மேலே ஏறவில்லை. நாலாம் நாள் காலை வெயில் அடித்தது. லாட்ஜில் இருந்தவர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினார்கள். மாமா பெட்டியைப் பார்த்தார், பச்சை எரிந்தது. வழக்கம்போலக் காலைச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கினார். அவர் சமையல்கட்டில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஓடையில் தண்ணீர் ஏறியது. சைரன் அடிக்கவில்லை. குளித்துக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு போனது. ஒரு பெண் மூங்கில் தூரைப் பிடித்துக்கொண்டு தப்பினாள். அவளுடைய அண்ணன், சாத்தூர்ப் பக்கம் பள்ளி ஆசிரியர், மதியம் பாலத்தடியில் கிடைத்தார்.

நான் போனபோது மாமா சமையல்கட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கையில் சட்னி காய்ந்திருந்தது. கழுவவில்லை. "பச்சை எரிஞ்சிச்சு மருமவனே. பாத்துட்டுத்தான் எறங்கினேன்." பார்த்த எல்லாரிடமும் அதையே சொன்னார்.

எரிந்ததுதான். மேலே ஏறிப் பார்த்தபோதும் அது எரிந்துகொண்டிருந்தது.

அன்று பிற்பகல் ஜவுளிக்கடை மாடியில் அவர் தனியாக இருந்தார். ஏ.சி.யைப் போடவில்லை. நான் செருப்போடு உள்ளே போனேன், அவர் கவனிக்கவில்லை. விசைப்பலகையில் தட்டிக்கொண்டே பேசினார்.

"பச்சை விளக்கு, சைரன் எல்லாம் மேல் பேட்டரில இருக்கு தம்பி. கீழ் பேட்டரிக்கு அவ்வளவா வேலை கிடையாது. அதான் பல்ப அதுல மாட்டினேன். அண்ணன் பாவம், இருட்டுல கெடக்காகளேன்னு."

மாடலில் இருந்த அந்த ஐ.சி. பெட்டிக்கு அன்றுதான் இன்னும் இரண்டு கால்களை எழுதிச் சேர்த்தார். ஒன்றைப் பிளஸ் பேட்டரியில் வைத்தார், மற்றதை மைனஸ் பேட்டரியில் வைத்தார். பிறகு, பல்பு உறிஞ்சித் தீர்த்த மைனஸ் பேட்டரியின் எண்ணை அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டார். பிரின்டர் அடிக்கத் தொடங்கியது. நட்சத்திரங்கள் ஓரிடத்தில் தொடங்கி நேர் கோடாக இறங்கின. முதலாளியிடம் விரல் வைத்துக் காட்டிய அந்த இடம் வந்தது, போனது. கோடு அசையவில்லை. தாள் முடிந்து தரையில் மடிந்து விழும்வரை நேராகவே இறங்கியது.

"சத்தமே இல்ல பாருங்க" என்றார். அழுதார். நடிப்பு இல்லை. எனக்கு அழுகையில் பொய் எது என்று ஓரளவு தெரியும், விபத்து நடந்த வீடுகளுக்குப் போவது என் தொழில்.

"மாமாவத்தான் பிடிக்கப் போறாங்க, அண்ணாச்சி. அவரு திருட்டுத்தனமா பல்பு போட்டாருன்னு இப்பவே பேச்சு கிளம்பிட்டு."

"நான் இருக்கம்லா. காலையில விசாரணைக்கு வருதாக. நானே சொல்லிருதேன், நாந்தான் மாட்டினேன்னு. நீங்க இன்னைக்கு எதுவும் எழுதிராதீக. நானே முன்வந்து சொன்னதா இருக்கட்டும். அதுதான எனக்கு மரியாத?"

அது எனக்கு நியாயமாகப் பட்டது. நெல்லை பஸ்ஸுக்கு அன்று கவர் கொடுத்தேன். அதில் மரணமும் மீட்பும் மட்டும் இருந்தன, காரணம் இல்லை. மேலகரம் போய் மாமாவிடம் சொன்னேன். காலை இட்லிக்குப் பிறகு மாமா அப்போதுதான் சாப்பிட்டார். "நாஞ் சொன்னேம்லா, தங்கமான மனுசன்னு" என்றார் அத்தையிடம்.

மறுநாள் காலை லாட்ஜ் முன்கூடத்தில் விசாரணை. அதிகாரி நாற்காலியில் இருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் அந்தச் சட்டம் போட்ட தாள். நட்சத்திரங்கள் இடமிருந்து வலம் தாவிய தாள். முதலாளி பக்கத்தில் நின்றார். இரவோடு இரவாக அவர் அண்ணாச்சியைப் பார்த்துப் பேசியிருக்கிறார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அதிகாரி கேட்டார்: "இந்த பல்பு இணைப்பு உங்க வரைபடத்துல உண்டா?"

"இல்ல சார்" என்றார் அவர். அது உண்மை.

"அப்ப வாட்ச்மேன் தானா எடுத்துக்கிட்டது?"

முதலாளி அவர் முகத்தைப் பார்த்தார். அவர் முதலாளியின் முகத்தைப் பார்த்தார். தலை இடமும் வலமுமாக ஆடியது.

"அப்படித்தான் இருக்கணும் சார். எனக்குத் தெரிஞ்சிருந்தா விட்டிருப்பனா?"

மாமா தூணருகே நின்றார். அவரை அல்ல, என்னைத்தான் பார்த்தார்.

நான் முன்னால் போனேன். "சார், பல்ப மாட்டினது இவருதான். நேத்து எங்கிட்ட அவரே சொன்னாரு."

"நீங்க யாரு?"

சொன்னேன். 

"வாட்ச்மேன் உங்களுக்கு உறவா?"

"தாய்மாமா."

"சரி" என்று அதிகாரி பேனாவை மூடினார். "இந்தக் கருவி ஒரு பேட்டரி போனாலும் ஓடும்னு பேப்பர்ல எழுதினதும் நீங்கதானே?"

எழுதியது நான்தான். சொன்னது யார் என்று அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என் தோளில் கை வைத்தார். அந்தக் கை சூடாக இருந்தது. காமாலையில் படுத்திருந்தபோது என் நெற்றியில் வைத்த அதே கை.

"தம்பி வருத்தத்துல சொல்லுதாரு சார். தாய்மாமால்லா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "நீங்க சொல்லுததும் சரிதான் தம்பி" என்றார்.

அந்த அறையில் எனக்கும் ஒரு பதில் கொடுக்க அவர் மறக்கவில்லை.

லாட்ஜில் வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் பல்பு எப்படி வந்தது என்று தெரியும். அவர்களுக்கு அங்கே வேலை வேண்டும். மாமா சொன்னதை யாரும் நம்பவில்லை. பீடி பிடிக்கவில்லை என்று வாயில் புகையோடு சொன்னவர் என்று சமையல்காரர் சாட்சி சொன்னார். கவனக்குறைவு என்று மாமா மேல் வழக்கு. வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுக்கு நடந்தார். இடையில் புனலூரில் ஒரு மரக்கடையில் போய் நின்றார், உடம்பு கேட்கவில்லை, திரும்பி வந்தார். வீட்டில் பத்திரிகை வந்துகொண்டுதான் இருந்தது, அத்தை நிறுத்தவில்லை. மாமா அதைப் பிரிப்பதில்லை. அந்தக் கதையில் பெண்ணை யார் கூட்டிக்கொண்டு போனது என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. எனக்கு ஆபீஸிலிருந்து ஒரு வரி வந்தது: இயந்திரங்கள் பற்றி நான் எழுதினால் இனி இன்னொருவர் சரிபார்த்த பிறகே போகும்.

அவர் அறைக்கு நான் பிறகு போகவில்லை. பஜாரில் எதிரே வந்தால் நின்று, "தம்பி, ஒருநா ஒக்காந்து பேசணும்" என்பார். நான் நடந்துகொண்டே இருப்பேன். லாட்ஜில் புதுக் கருவி மாட்டினார் என்று கேள்விப்பட்டேன். இந்த முறை இரண்டு பச்சை விளக்கு, ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒன்று.

வழக்கு முடிவதற்குள் மாமா இறந்துவிட்டார். துக்கம் கேட்க அவர் வந்தார். வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைவதுபோல மெதுவாக வந்து, படத்துக்கு முன்னால் நின்றார். தோள் குலுங்கியது. சுற்றி இருந்தவர்கள், "வந்துட்டாரே, பெரிய மனசு" என்று முணுமுணுத்தார்கள்.

அத்தை சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள். நேராகக் கேட்டாள்.

"வாத்தியாரே, அந்த பல்ப யாரு மாட்டினா?"

அவர் அத்தையின் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நாந்தான் மைனி" என்றார். "அண்ணன் கேட்டாக. நாந்தான் என் கையால மாட்டிக் குடுத்தேன். அண்ணன் மேல ஒரு குத்தமும் இல்ல."

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது என்று முகத்தில் தெரிந்தது. எத்தனையோ நாளாக அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அந்த வீடு காத்திருந்தது. எனக்குத்தான் ஆறவில்லை. அவர் சொன்னது முழு உண்மை. ஆனால் அந்த வீட்டில் அன்று அதைத் தவிர வேறு எதையும் கேட்க விரும்பியவர்கள் யாரும் இல்லை. பிரின்டர் அடித்துக்கொண்டிருந்த அந்தப் பிற்பகலிலும் அப்படித்தான், அந்த அறையில் நான் மட்டும் இருந்தேன். அன்று அவர் என்னிடம் சொன்னது உண்மை என்பதாலா, எதிரே நான் நின்றேன் என்பதாலா என்று அதற்குப் பிறகு எனக்கு விளங்கவே இல்லை.

அத்தை கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "இத அன்னைக்கு அங்கன சொல்லிருக்கலாம்லா?"

"அதுவும் சரிதான் மைனி."

காப்பி கொடுத்தார்கள். மறுக்காமல் குடித்தார். வழியனுப்ப நான் போகவில்லை, ஜன்னலில் நின்று பார்த்தேன். தெருமுனையில் லாட்ஜ் முதலாளியின் ஜீப் நின்றுகொண்டிருந்தது. அவர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். முதலாளி அவர் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்பது எனக்குக் கேட்கவில்லை. ஜீப் கிளம்பும்போது பின்கண்ணாடி வழியாக அவர் தலை மட்டும் தெரிந்தது. இடமும் வலமுமாக, மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.